12 மணி நேரம் கழிந்தால் விமானி பறக்கலாமா?

அடுத்த கேள்வி. 'பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பு குடிப்பதை நிறுத்தினால் போதும் என்பதுதானே இந்திய விதி? அதற்கு முன் எவ்வளவு குடித்தாலும் தப்பில்லையா? தப்பித் தவறி ஒருவர் போதையில் வந்தாலும், பக்கத்தில் இன்னொரு விமானி இருக்கிறாரே?'

போதாது. 12 மணி நேரம் ஒரு விதி. பணிக்கு வந்து கருவியில் ஊதும்போது மூச்சில் மது துளியும் இருக்கக் கூடாது என்பது தனி விதி. முதல் விதியைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது.

ஈரல் கடிகாரம் பார்த்து வேலை செய்வதில்லை. 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் மதுதான் குறையும். கறுப்புக் காபியோ எலுமிச்சைச் சாறோ தலைக்குக் குளிப்பதோ அந்த வேகத்தைக் கூட்டாது. நம் ஊரில் இதை நம்ப வைப்பதுதான் கடினம்!

2018 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் துணை விமானி ஒருவர் பிடிபட்டார். 100 மில்லி ரத்தத்தில் 189 மில்லிகிராம் மது. பிரிட்டனில் விமானிக்கு வரம்பு 20. இங்கிலாந்தில் கார் ஓட்டுபவருக்கே 80தான். அந்த 189 இருபதுக்கு இறங்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 11 மணி நேரத்தைத் தாண்டும். நம் விதிப்படி முழுதாக வடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அவரைக் காட்டிக்கொடுத்தவர் சக விமானி அல்ல. விமானிகளை ஏற்றிச் சென்ற பேருந்தின் ஓட்டுநர். வாடை அடித்ததும் அவர்தான் சொல்லியிருக்கிறார். நீதிமன்றம் 10 மாதச் சிறை விதித்தது.

ஆகவே பக்கத்து இருக்கையை ரொம்பவும் நம்ப வேண்டாம். 1990 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிசுக்கு நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 பறந்தது. முந்தைய இரவு மதுக்கூடத்தில் குடித்திருந்தவர்கள் விமானி அறையில் இருந்த மூவருமே! பத்திரமாகத் தரையிறங்கினார்கள், இறங்கியதும் கைதானார்கள். மூவருக்கும் சிறை.

இந்தியாவில் முதல் தடவை சிக்கினால் உரிமம் 3 மாதம் முடக்கம், இரண்டாம் தடவை 3 ஆண்டு, மூன்றாம் தடவை ரத்து. ஊத மறுத்தாலும் தண்டனை உண்டு. 2023இல் திருத்திய விதிப்படி, மது கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் விமானிகள் பயன்படுத்தக் கூடாது.