தொட்டில் துணியில் வெல்லப்பாகு வாசனை

நேயர்களுக்கு வணக்கம். குப்பம், வி.கோட்டா, பலமனேர் பக்கமிருந்தும், இந்தப் பக்கம் குடியாத்தம், பேர்ணாம்பட்டிலிருந்தும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பரம்பரை நோய்களைப் பார்க்கும் மருத்துவர். இன்றைக்கு ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பெண் பேர்ணாம்பட்டு பக்கம், மாப்பிள்ளை வி.கோட்டா பக்கம். முதல் குழந்தை கொழுகொழுவென்று பிறந்து, நாலாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு, ஃபிட்ஸ் வந்து, பத்தாம் நாள் போய்விட்டது. ரத்தத்தில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள், அதோடு சரி. இரண்டாவது குழந்தையும் அதே மாதிரி துவள ஆரம்பித்தபோதுதான் என்னிடம் வந்தார்கள். கூட வந்த பாட்டி, குழந்தை சிறுநீர் கழித்த ஈரத்துணியை என் முன்னால் நீட்டி, "மோந்து பாருங்க டாக்டர், வெல்லப்பாகு வாசனை வருது, மொதல் குழந்தைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். உண்மைதான், பாகு கொஞ்சம் தீய்ந்த மாதிரி ஒரு வாசனை.

பாலில் இருக்கும் புரதத்தில் லியூசின் என்று ஒரு சத்து உண்டு. அதையும் அதன் கூட்டாளிகள் இரண்டையும் உடைக்கிற என்சைம் சில குழந்தைகளுக்கு வேலை செய்யாது. அப்புறம் தாய்ப்பால் குடிக்கக் குடிக்க அது ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ் என்று இந்த நோய்க்குப் பெயர். 1954-ல் அமெரிக்காவில் மென்கஸ் என்ற மருத்துவர் இதை முதலில் எழுதினார். ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் மூன்று மாதம் தாண்டாமல் இறந்திருந்தார்கள், அங்கேயும் சிறுநீரின் வாசனைதான் துப்பு கொடுத்தது. பிறந்த ஓரிரு நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம், அந்தச் சத்துகளை நீக்கிய பால்மாவு கொடுத்துக் குழந்தையை வளர்க்கலாம். எங்களுக்கு அந்த நாட்கள் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் அந்தக் குழந்தையும் இறந்துவிட்டது.

மாப்பிள்ளையின் கேள்வி நியாயமானது. "நாங்க மேனரிகம் கட்டலையே டாக்டர், அக்கா மகளும் இல்ல, மாமன் மகளும் இல்ல, எப்படி வந்துச்சு?"

பாட்டியை உட்காரவைத்து வம்சப் படம் போட்டேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறைக்கு எந்தக் கோடும் சேரவில்லை, ஆனால் அதற்கு மேலே போனால் இரண்டு வீட்டாரும் ஒரே ஊரிலிருந்து பிரிந்தவர்கள். சொந்தத்துக்குள் கட்டினால் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் சில குடும்பங்களிலிருந்து கிளைத்து, நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த எந்தக் கூட்டத்திலும், ஒரு மூதாதையின் பழுதான மரபணு பலரிடம் சத்தமில்லாமல் இருக்கும். ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர் தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81 இந்த வகையில், இப்படிச் சில மூதாதையரிடமிருந்து கிளைத்ததற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களைவிட இறுக்கமானவை என்று தெரிந்தது. நம் ஆந்திரப் பக்கத்து வைசியர்களிடம் ஒரு என்சைம் குறைபாடு கூடுதலாக இருப்பதையும் அது பேசியது. அது இருப்பவர் சாதாரணமாக நன்றாகத்தான் இருப்பார், ஆபரேஷனில் சக்சினைல்கோலின் என்ற மருந்து போட்டால் மட்டும் சில நிமிடத்தில் தெளிய வேண்டிய தசைகள் மணிக்கணக்கில் அசையாது, மூச்சுக்கு மெஷின் வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணை இரண்டு வருடமாக ராசியில்லாதவள் என்று பேசியிருக்கிறார்கள். கேட்கவே ஆறவில்லை. பழுது அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒரு குழந்தை போய்விட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்ற கணக்கு கிடையாது. இதை மாமியாரை எதிரே வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

இரண்டாவது குழந்தையின் ரத்தம் எங்களிடம் இருந்ததால் பழுது எங்கே என்று தெரிந்தது. மூன்றாவது கர்ப்பத்தில் 11-வது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்தோம், குழந்தைக்கு நோயில்லை. தை மாதம் பிரசவம்.

காரணம் தெரியாமல் ஒரு குழந்தை கையைவிட்டுப் போகும் நேரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்வது கொடுமையாக இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் பின்னால் மரபணுவைச் சோதிக்க, ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடிக் குழாயில் ஒன்றிரண்டு மில்லி எடுத்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.