அடையாளம் கேட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். 'இளைஞர் வாழ்வில் இறைநம்பிக்கை' என்று வானொலி நிலையத்தார் எனக்கு ஒரு தலைப்பு கொடுத்தார்கள். கொடுத்த நிமிடங்களுக்கு அது ரொம்பப் பெரிய தலைப்பு. அதனால் அதில் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். முடிவெடுப்பது. மேற்படிப்பு, வேலை, கல்யாணம், வெளிநாடு என்று ஏதாவது ஒன்றை முடிவு செய்யும் நேரம் வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் கேட்பது, "ஜெபிச்சியா?" அடுத்துக் கேட்பது, "கர்த்தர் என்ன சொன்னாரு?" முதல் கேள்வி எனக்குப் பிடிக்கும். இரண்டாவது கேள்விக்குத்தான் பலருக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஒன்றும் கேட்கவில்லையே, என்ன பதில் சொல்வது?

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் வீடு. தக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வேன். கதை சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

டிசம்பர் 31 இரவு எங்கள் சபைகளில் ஆராதனை உண்டு. முடிந்து வெளியே வரும்போது ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள வேத வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கு வாக்குத்தத்தம், அதாவது கடவுள் தருகிற வாக்கு. கிறிஸ்தவரல்லாத நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். குவைத் விசாவுக்கு ஏஜென்டிடம் பேசி வைத்திருந்தார். அந்த இரவு அவர் எடுத்த அட்டையில், ஆபிரகாமுக்குக் கடவுள் சொன்னது: 'நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும் விட்டுப் புறப்பட்டுப் போ' என்கிற வசனம். அண்ணனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்னாலேயே அவருடைய அம்மா ஒரு அட்டை எடுத்தார்கள். சங்கீதம் முப்பத்தேழு. 'தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்.' மாமி அட்டையை மகனுக்கு நேரே நீட்டி, "பாத்தியா மக்கா, கர்த்தர் எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றார்கள். ஒரே தட்டு, ஒரே இரவு, ஒரே வீடு. ஒன்று போ என்கிறது, ஒன்று இரு என்கிறது. ஆலய முற்றத்திலேயே பெரிய சிரிப்பு.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? பொங்கல் கழிந்து ஒரு நாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏஜென்டுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, கம்பெனி உண்மையானதா, அங்கே ஏற்கெனவே இருக்கிற சித்தப்பா மகன் என்ன சொல்கிறான், அப்பாவின் சர்க்கரை வியாதிக்கு யார் துணை என்று ராத்திரி முழுக்கப் பேச்சு. பேசி, கடைசியில் ஜெபம் பண்ணி, அண்ணன் போனார். இரண்டு அட்டையும் இன்னும் அந்த வீட்டு அலமாரிக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த ராத்திரிப் பேச்சையும் கடவுளின் வழிநடத்துதல் என்றுதான் நான் சொல்வேன். அட்டையை மட்டும் அப்படிச் சொல்லிவிட்டு, கணக்குப் போட்டதை நம்முடைய சொந்தப் புத்தி என்று ஏன் தள்ளி வைக்கிறோம்?

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த கதை வேதத்தில் வருகிற கிதியோன் கதை. எதிரிகளோடு சண்டைக்குப் போகக் கடவுள் அழைத்த ஆள். அவன் அடையாளம் கேட்டான். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, தோல் மட்டும் நனையட்டும் தரை காயட்டும் என்று கேட்டான், நடந்தது. மறுநாள், தரை நனையட்டும் தோல் காயட்டும் என்றான், அதுவும் நடந்தது. "எனக்கும் ஒரு தோல் போட்டுப் பார்க்கணும்" என்று பெரியவர்களும் சொல்வார்கள். ஆனால் கதையின் முன்பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. தோல் போடுவதற்கு முன்னாலேயே, 'உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ' என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லியாயிற்று. என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தைரியம்தான் வரவில்லை. நம்மில் பாதிப்பேர் கேட்கிற அடையாளமும் அந்த வகைதான்.

இயேசுவின் சீடர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்கிற அப்போஸ்தலர் நடபடிகளை வேதத்தில் வாசித்துப் பாருங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று முதல் அதிகாரத்தில் சீட்டுப் போடுகிறார்கள், மத்தியா பெயர் விழுகிறது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் முழுக்கச் சீட்டே கிடையாது. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய பிரச்சினை வருகிறது. உட்கார்ந்து வாதம் பண்ணித்தான் தீர்க்கிறார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த ஆளுக்கு வருகிறேன். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தெரியாதவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். திங்கள்சந்தை பக்கம் போகிற எவரும் அந்த மதிலைப் பார்த்திருப்பார்கள். அங்கே வேலை செய்த டாக்டர் சோமர்வெல் எவரெஸ்டில் ஏறியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்துக்காரர். முதல் உலகப் போரில், 1916-ல் பிரான்சில் சோம் நதிப் பக்கத்துச் சண்டையில் அறுவை மருத்துவராக இருந்தார். வரிசை வரிசையாகக் கிடத்தியிருந்த காயம்பட்ட பையன்களை அங்கே பார்த்தவர். 1922-ல் எவரெஸ்ட் குழுவோடு போனார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவு வந்து, சுமை தூக்கிய ஏழு பேர் செத்துப்போனார்கள். சோமர்வெல் அதே குழுவில்தான் இருந்தார். அது அவரைக் கடைசிவரை விடவில்லை.

மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். சுற்றிச் சுற்றி நம்ம நெய்யூருக்கு வந்தார். வந்த இடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் கத்தி வைக்க அங்கே கைகள் போதவில்லை என்பதைப் பார்த்தார். லண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூரில் வேலைக்குச் சேர்ந்தார்.

இதில் எனக்கு ருசியான இடம் இனிமேல்தான். நெய்யூருக்கு வந்தவர் மலையை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1924-ல் நெய்யூரிலிருந்து திரும்பவும் எவரெஸ்டுக்குப் போனார். ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி. உச்சிக்கு ஆயிரம் அடி சொச்சம்தான் பாக்கி. தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிற நிலை. நெஞ்சை அழுத்தி, அடைத்ததை இருமித் துப்பித்தான் பிழைத்தார். பிழைத்தவர் எங்கே வந்தார்? திங்கள்சந்தைக்குப் பக்கத்தில், வேர்க்கிற ஊருக்கு. அப்புறம் இருபது வருஷத்துக்கும் மேலே இங்கேதான். இன்றைக்கு எல்லை தாண்டிக் கேரளத்துக் காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. மலை மேலே நிற்கும்போது வானத்திலிருந்து சத்தம் வந்தது என்று கதை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் அவரை நிறுத்தியது நெய்யூர் வாசலில் நின்ற கூட்டம். கண்ணுக்கு முன்னால் ஒரு தேவை நிற்கிறது, கையில் அதற்கான வேலை இருக்கிறது. இதைவிடப் பெரிய அடையாளம் வேண்டும் என்று கேட்பவர்களை எனக்குப் புரியவில்லை.

சரி, எவரெஸ்ட் வேண்டாம். என் அப்பாவைச் சொல்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்காரர். இருட்டில் எழுந்து முழங்கால் போடுவார். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆனி ஆடியிலும் வரும், ஐப்பசியிலும் வரும். முன்னிரவு மழை பெய்திருந்தால் மரத்துப் பட்டையைக் கையால் தடவிப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் பரவிப் போகும், வெட்டிப் பிரயோஜனம் இல்லை. வெட்டிவிட்டு மழை வந்தாலோ சிரட்டையில் பாலும் தண்ணீரும் சேர்ந்து வழியும். அந்த முடிவை அவர் தனியாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் விடியுமுன். சில நாள் கணக்குத் தப்பும். அன்றைக்கு நனைந்துகொண்டு திரும்பி வந்து கட்டன்சாயா கேட்பார். கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஜெபித்ததும் நிஜம், பட்டையைத் தடவியதும் நிஜம். இரண்டும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பாதி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்ததே. எச்சரிக்கை காதில் விழுவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்த படகுகள். கரையில் காத்திருந்த பெண்களிடம் ஆறுதல் சொல்லப் போனவர்களில் சிலர், "எல்லாம் கடவுள் சித்தம்மா" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் அது பிடிக்கவில்லை. மனிதர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட இடத்தையெல்லாம் கடவுள் தலையில் எழுதுவது பக்தியாகாது. முடிவெடுக்கப் பயந்து அடையாளம் கேட்பதும், நடந்த பிறகு அவர் சித்தம் என்று கையைக் கழுவுவதும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சோமர்வெல் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார். நட்டாலத்தில் பிறந்து, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்து வந்தேன். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு, 2022-ல் புனிதர் பட்டம். இடையிலுள்ள ஏழு வருஷத்தில் அவர் ஒவ்வொரு நாளும் எடுத்த முடிவைப் பற்றித்தான் பேச நினைத்தேன். முடியாது போலிருக்கிறது.

கல்யாண விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கிற வீடுகளில் தேவ சித்தமா என்று மாதக்கணக்கில் ஜெபிக்கிறோம், உபவாசம் இருக்கிறோம். சித்தம்தான் என்று இரண்டு வீட்டுக்கும் தெளிவானதும் ஒரு தாளை எடுக்கிறோம். பவுன் எத்தனை, ரொக்கம் எவ்வளவு, ரப்பர் தோட்டம் எத்தனை சென்ட். வரதட்சணைக்கு எதிரான சட்டம் 1961-லேயே வந்தாயிற்று. அது இருக்கட்டும். அத்தனை நாள் ஜெபித்தவர்கள் அந்தத் தாளுக்கு மட்டும் ஜெபிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை வீட்டார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விண்ணப்பம். பவுன் கணக்கு எழுதப் பேனாவைத் திறக்கும்முன் அங்கேயும் ஒரு ஜெபம் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், பெண்ணின் அப்பாவுக்கும் கேட்கட்டும். நேரம் முடிந்தது. நன்றி, வணக்கம்.