இறைச்சி கொடுத்தவனும் குடிசை கட்டியவனும்

நேயர்களுக்கு வணக்கம்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி என்றதும் தர்மபுரிக்காரர்களுக்கு நெல்லிக்கனிதான் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 94ஆம் பாட்டு. ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவிவிட, நீர்த்துறையில் பேசாமல் கிடக்கிற பெருங்களிறு போல நீ எங்களுக்கு இனியவன். மதம் கொண்ட அதே களிறு போலப் பகைவர்க்குக் கொடியவன் என்கிறார் ஔவையார். அத்தனை பலம் இருந்தும் சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் பக்கத்தில் போகலாம். இந்த யானையை மனதில் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கில நாவலுக்குள் போவோம்.

வில்லியம் கோல்டிங் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' 1954இல் வெளிவந்தது. கோல்டிங் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். பையன்களையும் தெரியும், போரையும் தெரியும். இரண்டையும் ஒரு தீவில் சேர்த்து வைத்தார்.

போர்க்காலத்தில் ஒரு விமானம் விழுகிறது. பெரியவர் ஒருவரும் இல்லாத தீவில் சிறுவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். ரால்ஃப் சங்கை ஊதிக் கூட்டம் சேர்க்கிறான். தலைவன் யார் என்ற பேச்சு வந்ததும் ஜாக், "நான்தான் இருக்க வேண்டும்" என்கிறான். அவன் சொல்லும் தகுதி, பாடகர் குழுவின் தலைவன் என்பதும் உச்சஸ்தாயியில் பாட வரும் என்பதும்! இதைவிட மோசமான தகுதிகளைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம், அதை விடுங்கள். பையன்கள் கை தூக்கி ரால்ஃபைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அடுத்து நடப்பதைப் பலரும் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். தோற்ற ஜாக்கின் முகம் சிவந்துபோகிறது. அவனைச் சமாதானப்படுத்த, "பாடகர் குழு உன்னுடையதுதான்" என்று ரால்ஃப் விட்டுக்கொடுக்கிறான். அவர்கள் வேட்டைக்காரர்களாகிறார்கள். நம் ஊர்க் கோயில் கமிட்டியில் தலைவர் பதவி கிடைக்காதவரிடம் வசூல் நோட்டைக் கொடுத்துச் சமாதானம் செய்வோமே, அந்த வேலைதான். ரால்ஃப் கொடுத்தது வசூல் நோட்டு அல்ல, கத்தியும் ஈட்டியும் பிடிக்கப் போகும் ஒரு படை. பெருந்தன்மை என்று அவன் நினைத்தான். நாவலின் மற்ற கேடுகளுக்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

பிறகு குடிசை கட்டுகிறார்கள். முதல் குடிசைக்கு எல்லாரும் வருகிறார்கள். மூன்றாவதற்கு ரால்ஃபும் சைமனும்தான் மிச்சம். மழை வந்தால் குழந்தைகள் எங்கே படுப்பார்கள், கடந்து போகும் கப்பலுக்குத் தெரிய மலைமேல் தீ அணையாமல் புகை எழுகிறதா என்பதே ரால்ஃபின் கவலை. இந்த வேலைக்குக் கைதட்டு கிடையாது. ஜாக்கோ முகத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் களிமண்ணையும் கரியையும் பூசிக்கொண்டு, தீயைக் காக்க வேண்டியவர்களையும் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் கடந்து போகிறது. மலைமேல் புகை இல்லை. கப்பல் போய்விட்டது, பன்றி கிடைத்துவிட்டது. கோபத்தில் கொதித்த ரால்ஃபும் கடைசியில் அந்த இறைச்சியை வாங்கித் தின்கிறான். பசித்த பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஜாக்குக்கு அன்று ஒன்று புரிந்துவிட்டது: கணக்குக் கேட்கிற வாயை இறைச்சியால் அடைத்துவிடலாம்.

ஒரு நாள் பன்றி வேட்டையைப் போல ஆட்டம் ஆடுகிறார்கள். பன்றியாக நடிக்க ஆள் வேண்டும். "ஒரு பொடியனை வைத்துக்கொள்ளலாமே" என்கிறான் ஜாக். எல்லாரும் சிரிக்கிறார்கள். தந்தத்தைக் கழுவக் குழந்தைகளை விட்ட யானை எங்கே, இவன் எங்கே! பின்னால் ஜாக் தனியாகப் பிரிந்து சேர்த்த கூட்டத்தில் வில்ஃப்ரெட் என்ற பையனைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. காரணம் கேட்கவும் யாரும் துணியவில்லை.

ரால்ஃப் உத்தமன் அல்ல. தீவில் ஒரு மிருகம் திரிகிறது என்று பையன்களுக்குப் பயம். ஓர் இரவு சைமனையே அந்த மிருகம் என்று நினைத்து வெறியில் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ரால்ஃபும் இருந்தான். மறுநாள் பிக்கி என்ற நண்பன், அது விபத்து என்று சொல்லித் தேற்றப் பார்க்கிறான். ரால்ஃப் அது கொலை என்கிறான். ஜாக்கோ, மிருகம்தான் மாறுவேடத்தில் வந்தது, இன்னும் வரும் என்று சொல்லிப் பையன்களின் பயத்துக்குத் தீனி போடுகிறான். இருவருக்கும் உள்ள தூரம் எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. தேர்தல் நடந்த அன்று அது இவ்வளவு தெரியவில்லை.

கடைசியில் ரால்ஃபை வேட்டையாட ஜாக்கின் கூட்டம் மூட்டிய தீயின் புகையைப் பார்த்துத்தான் கடற்படை அதிகாரி ஒருவர் கரைக்கு வருகிறார். இங்கே தலைவன் யார் என்று கேட்கிறார். "நான்தான்" என்று உரக்கச் சொல்கிறான் ரால்ஃப். முன்னால் வரப்போன ஜாக் மனம் மாறி நின்றுவிடுகிறான். பதவிக்காக இத்தனை செய்தவன், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்பது ரால்ஃபுக்கும் தெரியவில்லை. முதல் தீ மூட்டிய நாளிலேயே, முகத்தில் மச்சம் இருந்த ஒரு சிறுவன் காணாமல் போயிருந்தான். பெயர்ப் பட்டியல் எடுக்க முயன்றவன் பிக்கி ஒருவன்தான். அவனும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே ரால்ஃபுக்கு முழு மதிப்பெண் போட எனக்கு மனம் இல்லை. ஜாக்குக்கு விடைத்தாளே கிடையாது.

வணக்கம்.