எலிகள் சொன்ன நாள்கணக்கு

(மேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் கடைசியில் நின்றபடி கேட்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சபையில் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். நீரடைப்பு. சிறுநீர் வரவேண்டும், வரவில்லை. நான் உடலியங்கியல் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் ஆறு வருஷம் எலிகளின் சிறுநீர்ப்பையோடு காலம் கழித்தவள். ஆனால் இந்த நோயை முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டு ஆட்டுத் தொழுவத்தில்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்தப்பா திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு கிடாய்க்குட்டி பிடித்து வந்தார். தீபாவளிக்கு நல்ல விலை போகும் என்று குட்டியிலேயே காயடித்து, தவிடும் கம்புமாகப் போட்டு வளர்த்தார். ஒருநாள் காலையில் அது முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் துடிக்கவிட்டு முக்கிக்கொண்டே நின்றது. "மலம் கட்டியிருக்கு" என்று விளக்கெண்ணெய் புகட்டினார்கள். மறுநாளும் முக்கல். பல்லை நறநறவென்று கடித்தது. மூன்றாம் நாள் முக்கல் நின்று சாந்தமாகப் படுத்திருந்தது. "சரியாப் போச்சுடா சாமி" என்று வீடே சந்தோஷப்பட்டது. நான் அதன் தாடையைத் தடவியபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வயிறு மட்டும் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டே போனது. மறுநாள் விடியும்போது உயிர் இல்லை.

அந்த வலி எதனால் அடங்கியது என்று பத்து வருஷம் கழித்துத்தான் பாடத்தில் படித்தேன். சிறுநீர்ப்பை வெடித்திருக்கிறது. வெடித்ததும் அழுத்தம் போய்விடும், வலி குறையும், நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கிவிடும். அன்று வகுப்பிலேயே அழுதுவிட்டேன்.

தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம். அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காவிட்டால் சிறுநீரில் மணல் மணலாகக் கல் சேரும். குட்டியிலேயே காயடித்த கிடாய்க்கு நீர்ப்பாதை அகலப்படாமல் ஒடுங்கியே நின்றுவிடுகிறது. ஆண் ஆட்டின் குறி நுனியில் புழுவைப் போல ஒரு நீட்சி உண்டு, கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். உழவு மாட்டுக்கு எஸ் எழுத்தைப் போல வளைந்த இடத்தில் சிக்கும். ஆட்டுக்கு அந்த நுனியை டாக்டர் வெட்டிவிட்டால் சில நேரம் அப்போதே நீர் பீய்ச்சி அடிக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். அங்கே நாங்கள் செய்தது அதே அடைப்பைத்தான், தெரிந்தே செய்தோம். எலிக்கு மயக்கம் கொடுத்து, அடிவயிற்றில் முடி மழித்து, சிறியதாகக் கீறித் திறப்போம். நீர்ப்பாதை சேமியா இழை கனம்தான் இருக்கும். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் கம்பியை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பட்டு நூலால் முடிச்சுப் போட்டு, கம்பியை உருவிவிடுவோம். பாதை முழுதாக மூடாது, ஒடுங்கும். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே நீர்ப்பாதையைச் சுற்றி இருக்கிற சுரப்பி புராஸ்டேட். அது வீங்கிய மனிதனின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வலிமருந்து கொடுத்துக் கூண்டில் விடுவோம். சில வாரம் கழித்து, சிறுநீர்ப்பையின் உச்சியில் மெல்லிய குழாய் செருகி, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, உள்ளே அழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைவோம். கடைசியில் அந்த எலியை வலியில்லாமல் கொன்று, பையை எடுத்து எடை போடுவோம். இதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் பேச எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கோடுகளில் தெரிந்தது இது. அடைப்பு விழுந்ததும் பை சும்மா இருப்பதில்லை, மல்லுக்கட்டும். கிணற்றில் நீர் இறைக்கிறவன் புஜம்போல அதன் தசை தடிக்கும். சில வாரத்திலேயே எடை பல மடங்கு ஆகிவிடும். நிரம்பும்போதே தானாகச் சுருங்கிச் சுருங்கித் துடிக்கும். "அவசரமா வருது, போனா வரமாட்டேங்குது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே, அந்தத் துடிப்புதான். அப்புறம் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், நரம்பிழைகள் அழியும், தசைக்கு நடுவே நார் படியும். கடைசியில் இறுக்கிப் பிழியத் திராணி இல்லாமல் பை தொய்ந்துபோகும். நீர் மிச்சம் நிற்கும், கிருமி சேரும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைத் தொடும்.

நாங்கள் சில எலிகளுக்குக் கட்டிய நூலை மறுபடி அவிழ்த்துவிடுவோம். சீக்கிரம் அவிழ்த்தால் எடை இறங்கும், கோடு ஒழுங்காகும். தாமதித்து அவிழ்த்தால் பாதை திறந்தாலும் சில எலிகளுக்குப் பை திரும்பவே இல்லை. நான் இங்கே சொல்லவந்ததே இதைத்தான். அடைப்புக்கு ஒரு நாள்கணக்கு இருக்கிறது.

எலி மனிதன் ஆகிவிடாது. ஆணுக்கு இருபது வருஷத்தில் மெல்ல வருகிற அடைப்பை எலிக்கு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குகிறோம். அதிலும் அறுவைக்கு வசதி என்று பெரும்பாலும் பெண் எலிகளைத்தான் கட்டினோம்! இந்தக் குறையைத் தீர்க்கச் சில ஆய்வாளர்கள் இன்னும் வளர்ந்து முடியாத கினிப் பன்றிகளுக்கு, அதாவது எலிக்கு உறவான சிறு பிராணிகளுக்கு, நீர்ப்பாதையைச் சுற்றித் தளர்வாக ஒரு வெள்ளி வளையம் போட்டார்கள். உடம்பு வளர வளர வளையம் தானாக இறுகும். மனிதனில் நடப்பதற்கு அது இன்னும் நெருக்கம்.

பூனைக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். சிறுநீர் கழிக்கும் உத்தரவு மூளைத்தண்டில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை 1925இல் பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளில் காட்டினார். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான். நாய்க்கும் நம்மைப் போல வயதானால் புராஸ்டேட் வீங்கும். ஆனால் அதற்கு வெளிப்பக்கமாக வீங்குவதால் நீரைவிட மலம் கழிப்பதுதான் சிரமமாகும். ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் நாயின் புராஸ்டேட் சுருங்கும் என்று காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். புராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் சிகிச்சை கண்டதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். செம்மறி ஆட்டின் கர்ப்பத்தில் இருந்த குட்டிகளுக்கு நீர்ப்பாதையை அடைத்து, பிறகு திறந்து பார்த்த அனுபவத்தில்தான், 1981இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் தாய் வயிற்றிலிருந்த மனிதச் சிசுவுக்கு நீரடைப்பு நீக்க அறுவை செய்தார்கள்.

"வாயில்லா ஜீவனை இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு தாயார் வாசலிலேயே கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அம்மா அது. இதே கேள்வியை மாநிலங்களவையில் மசோதாவாகவே கொண்டுபோனவர் ருக்மிணி தேவி அருண்டேல், 1904இல் நம் மதுரையில் பிறந்தவர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஆய்வு கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆய்வைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி செய்தது. இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. விலங்கில்லாமல் முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வேதனையைத் தணிக்கலாமா என்ற மூன்று கேள்விகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதில் நூறு சதவீதம் திருப்தியாக ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தும் செய்தேன். அப்படிச் செய்து கிடைத்த அறிவு ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றுபோனால், அந்த எலிகளுக்கு நான் செய்தது துரோகம்.

என் விஷயத்தில் அது நின்றுதான் போனது. நான் எலிகளைக் கட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அப்பா ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்துகொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் பஸ்ஸில் அடக்கமுடியாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். அம்மா ஒருமுறை சாடையாகச் சொன்னாள். நான் கேட்டதற்கு, "வயசானா இப்படித்தான் தாயி" என்று பேச்சை மாற்றிவிட்டார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. மகள் கேட்கிற கேள்வியா என்று ஒரு கூச்சம். ஒரு மார்கழி ராத்திரி சுத்தமாக நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் இறங்கியது. நானூறு, ஐந்நூறு மில்லி பிடிக்கவேண்டிய பை அது. புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தார்கள், பாதை திறந்தது. பை மட்டும் சுருங்கவில்லை. அந்தக் கோட்டை நான் நூறு தடவை வரைந்திருக்கிறேன். கடைசி நாலு வருஷமும் அப்பா தானே டியூப் செருகி நீர் எடுத்துத்தான் வாழ்ந்தார்.

ஆகவே இன்று ராத்திரி வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். எத்தனை தடவை எழுகிறீர்கள், முக்கவேண்டியிருக்கிறதா, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறதா? சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் போகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். சிறுநீர் கழித்ததும் ஒரு ஸ்கேன் எடுத்தால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆரம்பத்திலேயே போனால் பலருக்கு மாத்திரையே போதும்.

ஆடு வளர்க்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். தவிட்டோடு எந்தத் தீவனம் சேர்க்கலாம், குட்டியை எந்த வயதில் காயடிக்கலாம் என்று விளக்க, கால்நடை டாக்டர் தம்பி ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறேன்.