கேட்காமலே சேரும் செய்தி

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றி நான் விளக்க வேண்டாம். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அப்போது அல்சூர் பக்கத்துக் குழு ஒன்றில் ஒருவர் செயலாளரைக் கேட்டார்: "சார், இந்த வாரமாவது அந்த ரெண்டாவது டேங்கர் காசைத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

கேள்விதான். ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது பாருங்கள். ரெண்டாவது டேங்கர் என்று ஒன்று உண்டு. அதற்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். திருப்பித் தரவேண்டிய காசு. போன வாரங்களில் தரவில்லை. இதில் ஒன்றையாவது அவர் நேராகச் சொன்னாரா? இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல நகர்ந்துவிட்டார்.

செயலாளர் அவசரமாகப் படித்துவிட்டு, "இந்த வாரம் முடியாது, கணக்கு முடியட்டும்" என்று பதில் போட்டார். போச்சு! தருவேன் என்றாலும் தரமாட்டேன் என்றாலும், காசு வாங்கியது உறுதியாகிவிடுகிறது. சாயங்காலம் லிஃப்டில் இதே பேச்சு. செயலாளர் மனதில் இருந்ததோ பெயின்ட் வேலையின் பாக்கி. ரெண்டாவது டேங்கர் வரவும் இல்லை, அதற்கு வசூலும் இல்லை. அதை யார் பிறகு கேட்டார்கள்?

ஆமென்றாலும் இல்லையென்றாலும் அடியில் இருப்பது அசையாது, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஃபிரேகே 1892லேயே இதைக் கவனித்தார். வானியல் அறிஞர் கெப்ளரைப் பற்றி 'கெப்ளர் துயரத்தில் இறந்தார்' என்றாலும் 'துயரத்தில் இறக்கவில்லை' என்றாலும், கெப்ளர் என்று ஒருவர் இருந்தார் என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறோம்.

நேரில் என்றால் "இருங்க, எந்த டேங்கர்?" என்று யாராவது குறுக்கே விழுவார்கள். குழுவில் அதற்குள் பத்து 'காலை வணக்கம்' வந்து மேலே தள்ளிவிடும். பேசாமல் இருந்தவர்களெல்லாம் ஒப்புக்கொண்ட கணக்கு.

எல்லாமே விஷமம் என்று சொல்ல வரவில்லை. "தங்கச்சியைக் கூட்டிவர கன்டோன்மென்ட் ஸ்டேஷன் போறேன், மீட்டிங்குக்கு வரமுடியாது" என்று போட்டால், உங்களுக்குத் தங்கை உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. சத்தமில்லாமல் அதையும் சேர்த்துக்கொண்டு மேலே போகிறோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1979இல் எழுதியது இதைத்தான். இது இல்லாவிட்டால் பேச்சே ஓடாது.

நினைவையே இது மாற்றும் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் அறிஞரும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1975இல் வெளியிட்ட சோதனை. விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, உடைந்த ஹெட்லைட் ஏதாவது பார்த்தீர்களா என்று சிலரிடமும், அந்த உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்தீர்களா என்று சிலரிடமும் கேட்டார்கள். படத்தில் இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். நன்றி, வணக்கம்.