உளி மரத்தில் இருந்ததா?

நடுவர் அவர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வழக்காடுகிறவருக்குக் கைகொடுப்பது வளர்ந்த இடமா, படித்த சட்டமா? வளர்ந்த இடமே என்பது எங்கள் அணி. "தோட்டத்து வரிசை வீடான லயத்துப் பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டதே சட்டப் படிப்புதான்" என்று எதிரணித் தம்பி முழங்கினார், கைதட்டலும் வாங்கினார். கோட்டு சட்டம் கொடுத்ததுதான் தம்பி. அதற்குள் நிற்கும் ஆளைக் கொடுத்தது யார்?

நான் வழக்கறிஞன் அல்லன். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றே ஓய்வு பெற்றவன். ஒரு நாள் ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், திருட்டு வழக்கு. பால்மரம் வெட்டும் ஒருவர் சாட்சி. "விடியற்காலை ஐந்தரை மணி. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பாதையில் போனவன் முகத்தை நன்றாகப் பார்த்தேன்" என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய், பால் வடியும் மங்கு துடைத்தவர். மெதுவாக எழுந்தார்.

"அப்போது பால் வெட்டும் உளி மரத்தில் இருந்ததா?"

"இருந்தது ஐயா."

"விளக்கு எதைப் பார்த்தது?"

"வெட்டுக் கோட்டை."

"வெட்டும்போது தலையைத் திருப்பினால்?"

"பட்டை காயப்பட்டுவிடும். மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார்."

"அன்றைக்குக் காயம் பட்டதா?"

"இல்லை ஐயா." அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குறுக்கு விசாரணையில் விடையைச் சுட்டும் கேள்வி கேட்கலாம் என்கிறது 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். அனுமதி அங்கே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உளியைப் பற்றிய கேள்வி அங்கே இல்லையே!

இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன். "மாமா சொன்னார்" என்றாள் ஒரு சாட்சி. நான் மலாயில் உறவினர் என்று பெயர்த்துவிட்டேன். "சொந்தக்காரருக்காகப் பேசுகிறாள்" என்று அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது. அதே வழக்கறிஞர்தான் எழுந்து, லயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லாரும் மாமாதான் என்று விளக்கினார். பிழை என்னுடையது. திருத்தியது அவருடைய லயம்.

பேச்சுத்திறன் போதும் என்பாரும் உண்டு. பொதுமக்களே தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை 1995இல் போய்விட்டது. இன்று நீதிபதியிடம் கண்ணீர்க் கதை எடுபடாது. இரவெல்லாம் கோப்பைப் படித்து, காலையில் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்து, "தள்ளிவைப்பு" என்ற ஒரே சொல்லோடு வீடு திரும்பும் பிழைப்பு அது. பினாங்கில் காவலாளி மகனாக 1940இல் பிறந்த புகழ்பெற்ற வழக்கறிஞர் கர்பால் சிங்கும் அந்த வராந்தாவில் நின்றவர்தான். அவரும் சட்டம் படித்தாரே என்பார் தம்பி. படித்தார். அவரோடு படித்த அத்தனை பேரும் கர்பால் ஆனார்களா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தம்பிக்கு ஒரே வேலை வைத்துவிட்டு அமர்கிறேன். வழக்கறிஞராகும் முன் பெறும் 9 மாதப் பயிற்சிக் காலத்தில், உளி மரத்தில் இருக்கும்போது விளக்கு எங்கே பார்க்கும் என்று எந்த மூத்த வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தார்? கேட்டு வந்து சொல்லட்டும்.