டீசல்பாயும் ரெண்டு ரெக்கார்டும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நான் பேசப் போறது டேமியன் ஹிக்கின்ஸ் பத்தி. டீசல்பாய்ங்கற பேர்ல அமெரிக்காவுல ட்ரம் அண்ட் பாஸ் போடற டிஜே, ரொம்ப வருஷமா நான் விடாம கேக்கற ஆளு. இந்த இசைய நீங்க கேட்டதே இல்லன்னாலும் பரவால்ல. மேல ட்ரம் நிமிஷத்துக்கு 170, 175 அடின்னு பிச்சுக்கிட்டு ஓடும், கீழ பாஸ், அதாவது அடியில அதிரற கனத்த சத்தம், அதுல பாதி வேகத்துல நடக்கும், எக்ஸ்பிரஸ் ரயிலுக்குள்ள நாம நிதானமா உக்காந்துட்டு இருப்போமே அந்த மாதிரி.

90கள் ஆரம்பத்துல லண்டன்ல வளந்த இசை இது. ஆனா அதுக்கு உசுரு குடுத்த ட்ரம் அமெரிக்காவோடது, இத நான் எங்க பேசினாலும் சொல்லாம விடமாட்டேன். 1969ல தி வின்ஸ்டன்ஸ்னு வாஷிங்டன் இசைக்குழு ஒண்ணு, ஒரு ரெக்கார்டோட பின்பக்கத்துக்காக 'ஆமென், பிரதர்'னு வாசிச்சாங்க. நடுவுல மத்தவங்க எல்லாம் நிறுத்திக்க, ட்ரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் ஆறேழு செகண்டு தனியா அடிச்சாரு. அவ்ளோதான். அத சாம்ப்ளர்ல, அதாவது சத்தத்துண்டப் பதிஞ்சு திருப்பி வாசிக்கற மெஷின்ல, போட்டு வேகத்த ஏத்தி, கால்ல மிதிக்கற கனத்த கிக் தனியா, 'டப்'புன்னு விழுற ஸ்னேர் தனியா வெட்டி, மாத்தி மாத்தி ஒட்டித்தான் எத்தனையோ ஆயிரம் பாட்டு வந்துச்சு. 2015ல ரசிகர்கள் நன்றிக்கடனா 24,000 பவுண்டு சேத்து குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் குடுத்தாங்க, ஆனா கோல்மன் அதுக்கு முன்னாடியே, 2006லயே, அட்லாண்டாவுல வீடு வாசல் இல்லாம செத்துப்போயிட்டாரு. ஆறேழு செகண்டுங்க! இன்னும் எனக்கு மனசு ஆறல.

சரி, டீசல்பாய்க்கு வரேன். ஃப்ளோரிடாவுல பொறந்தவரு, பிட்ஸ்பர்க்ல காலேஜ் படிச்சாரு, அங்க காலேஜ் ரேடியோவுல ரெக்கார்ட் போட்டாரு, பாட்டெல்லாம் கலந்து மிக்ஸ்டேப் கேசட் பண்ணாரு, அப்பறம் பிலடெல்பியா போனாரு. அப்போ புதுப் பாட்டெல்லாம் லண்டன்ல, இவரு இருக்கறது கடல் தாண்டி அமெரிக்காவுல. அந்தக் காலத்துல லண்டன் டிஜேக்கள் வெளிவராத பாட்ட டப்பிளேட்டுன்னு ஒரே ஒரு தட்டா வெட்டி வாங்கி வச்சுக்கிட்டாங்க, அது இவரு கைக்கு வர்றதே கஷ்டம், வந்தாலும் திருப்பித் திருப்பிப் போட்டா தேஞ்சுரும்.

ரெக்கார்ட் போடறது என்ன பெரிய வேலன்னு கேக்கறவங்க இருக்காங்க. அது இசையமைப்புதான், அடிச்சு சொல்வேன். ஒரு தட்டு ஊரே கேக்க ஓடிட்டு இருக்கும், அடுத்தது இவரு காதுல ஹெட்போன்ல மட்டும். தட்டு சுத்தற வேகத்த மாத்தற பிட்ச் ஸ்லைடர மயிரிழை நகத்தி ரெண்டு ஸ்னேரும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற வரைக்கும் பிடிக்கணும், இந்த வேகத்துல துளி விலகுனாலும் தடதடன்னு காட்டிக்குடுத்துரும். டீசல்பாய் அதோட விடமாட்டாரு, ரெண்டு பாட்டோட உச்சமும் ஒரே நொடியில வெடிக்கற மாதிரி கணக்கு பண்ணி விடுவாரு, டபுள் ட்ராப்புன்னு சொல்வாங்க, கேட்டா புல்லரிச்சுரும். 1999ல 'எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி', 2002ல 'ப்ராஜெக்ட் ஹ்யூமன்', 2004ல 'தி டஞ்சன்மாஸ்டர்ஸ் கைடு', எல்லாமே பல பாட்ட இடைவெளி இல்லாம கோத்த மிக்ஸ் சிடிதான், ஆனா கதை மாதிரி ஆரம்பம், ஏத்தம், உச்சம்னு போகும். இசையமைப்புன்னு நான் சொல்றது இதத்தான்.

நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கை காட்றாங்க. வேகமா சொல்லிடறேன், 'இன்விட்'னு இவரு சொந்தப் பாட்டு 2000ல பில்போர்ட் டான்ஸ் சார்ட்ல ஏறுச்சு, 2002ல ஹ்யூமன் இம்ப்ரிண்ட்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சு அமெரிக்கப் பசங்க பாட்டையும் வெளியிட்டாரு, டாரா, ஏகே1200ங்கற டிஜேக்கள் கூட சேந்து பிளானெட் ஆஃப் தி ட்ரம்ஸ்னு ஊர் ஊரா சுத்துனாரு, அந்த டூர் பத்தி நெறைய வச்சிருந்தேன், முடியல. நான் சொன்ன மிக்ஸ் சிடில எதையாவது கேக்கறதா இருந்தா ஷஃபிள் போடாம முதல்லேருந்து கேளுங்க. நன்றி, வணக்கம்.